‘மை பேட்’ சொன்னால் போதுமா?

தவறை ஆங்கிலத்தில் எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்டு மலைப்பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சீசன் முடிந்த கையோடு வந்தவை. ஓட்டலிலும் வண்டியிலும் கடையிலும் வெளியூர்க்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் மனதில் ஆறாமல் இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் இந்த முறை பதில் பகுதி முழுக்க இந்தக் கேள்விகளுக்கே. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

ஊட்டியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். மலர்க் கண்காட்சி நேரத்தில், பெங்களூரிலிருந்து முன்பதிவு செய்திருந்த ஒரு குடும்பத்தின் அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் வந்து கேட்டதும் ‘மை பேட், சார்’ என்றேன். அவருக்குக் கோபம் இன்னும் ஏறிவிட்டது. மேனேஜரும் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். தப்பை ஒத்துக்கொண்டேனே, அதில் என்ன குறை அம்மா?
— வாசகர், ஊட்டி

தம்பி, நீங்கள் மறைக்கவில்லை, மழுப்பவில்லை. அது பெரிய விஷயம். சொல்தான் இடம் மாறி விழுந்துவிட்டது.

‘மை பேட்’ அமெரிக்காவின் கூடைப்பந்து மைதானங்களில் புழங்கிய பேச்சு. பந்தைத் தவறாகத் தூக்கிப் போட்டவன் தன் அணிக்காரனைப் பார்த்து ‘மை பேட்’ என்பான். ஆட்டம் ஒரு நொடிகூட நிற்காது. 1980-களில் அங்கே கல்லூரிப் பிள்ளைகளின் வாய்க்கு வந்து, அடுத்த பத்தாண்டில் எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. சம வயதுக்காரர்கள், சின்னத் தவறு, உடனே மறந்துவிட்டு ஓடலாம் என்ற நிலை: இந்த மூன்றும் இருக்கும் இடத்தில் அது அழகான சொல். நண்பனுக்குச் சர்க்கரை போடாத டீ சொல்ல மறந்துவிட்டால் ‘மை பேட்’ தாராளமாகச் சொல்லுங்கள். மே மாதத்தில் ஊர் முழுக்க அறை கிடைக்காத இரவில், தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஆளிடம் அதைச் சொன்னால், ‘உன் கஷ்டம் எனக்குச் சின்ன விஷயம்’ என்றுதான் அவர் காதில் விழும்.

அந்த நேரத்தில் அவருக்கு என்ன பயம் என்று யோசித்துப் பாருங்கள். ‘உங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை’ என்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான். ஆகவே முதல் வாக்கியம் அந்தப் பயத்தைப் போக்க வேண்டும். ‘சார், யூ ஹேட் எ கன்ஃபர்ம்டு புக்கிங்.’ அடுத்தது நடந்ததைச் சொல்ல வேண்டும். ‘ஐ கேவ் யுவர் ரூம் டு அனதர் கெஸ்ட். தட் வாஸ் மை மிஸ்டேக், அண்ட் ஐ அப்பாலஜைஸ்.’ மூன்றாவது, கையோடு என்ன செய்கிறீர்கள் என்பது. ‘ப்ளீஸ் சிட் டவுன். ஐ ஆம் காலிங் அதர் ஹோட்டல்ஸ் நவ். ஐ வில் கம் பேக் டு யூ இன் டென் மினிட்ஸ்.’ பத்து நிமிடம் என்று சொன்னால் பத்தாவது நிமிடம் போய் நிற்க வேண்டும். அறை கிடைக்காவிட்டாலும் போய், ‘இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சாரி என்பதைவிட அவர் அதைத்தான் பார்ப்பார்.

ஓட்டல் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது நான் கவனித்த ஒன்று உண்டு. ‘ஐ கேவ்’ என்ற இடம் வந்ததும் எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். சிலர் அந்த ‘ஐ’யை விழுங்கிவிட்டு ‘ரூம் காட் கிவன்’ என்பார்கள், ‘சிஸ்டம் எரர்’ என்பார்கள். அறை தானாகப் போய் யாருக்கும் கிடைப்பதில்லை. கொடுத்தது ஒரு கை. விருந்தாளிக்கும் அது தெரியும். அந்த ஒரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பேன், குரல் இறங்காமல் வரும்வரை.

இன்னொன்று. ‘எக்ஸ்ட்ரீம்லி சாரி, எக்ஸ்ட்ரீம்லி சாரி’ என்று மூச்சுவிடாமல் சொல்லாதீர்கள். ஒரு தடவை, முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொன்னால் போதும். நாலைந்து தடவை சொன்னால், கோபப்பட வந்தவரே உங்களைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலை வந்துவிடும். அது அவர் வேலை இல்லை.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் அலுவலக வேலை. எந்தப் புகார் வந்தாலும் முதலாளி ‘வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு’ என்றே எழுதச் சொல்கிறார். அது மரியாதையான வாக்கியம்தானே? ஏன் எனக்கு எழுதும்போதெல்லாம் உறுத்துகிறது?
— வாசகர், கோத்தகிரி

உறுத்துவது சரிதான். அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

அந்த வாக்கியம் எங்கே பொருந்தும் என்று முதலில் பார்த்துவிடுவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவில் தண்டவாளத்தின்மேல் மண் சரியும், மரம் விழும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்காகக் காத்து நிற்கிறவர்களிடம் ‘சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று அறிவிக்கிறார்கள். அது முறையான பேச்சு. மண்ணைச் சரித்தது மழை, ரயில்வே இல்லை. நம் கையில் இல்லாத ஒன்றால் இன்னொருவர் சிரமப்படும்போது, அதற்காக வருந்துவதைச் சொல்ல ‘ரிக்ரெட்’ நல்ல சொல். உங்கள் தொழிற்சாலைக்கு மின்சாரம் நின்று, சரக்கு இரண்டு நாள் தாமதமானால் நீங்களும் அதை எழுதலாம்.

தப்பான சரக்கை நீங்களே ஏற்றிவிட்டு அதே வாக்கியத்தை எழுதினால் கதை வேறு. ‘இன்கன்வீனியன்ஸ் காஸ்டு’ என்கிறீர்கள். உண்டாக்கியது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. வாங்குகிறவர் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்.

இந்த வித்தியாசம் அரசாங்கங்களுக்கு மிக நன்றாகத் தெரியும். ஆஸ்திரேலியாவில் பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன கொடுமைக்கு, 1999-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ‘டீப் அண்ட் சின்சியர் ரிக்ரெட்’ என்று தீர்மானம் போட்டது. ‘சாரி’ என்ற சொல்லைப் பிரதமர் ஜான் ஹோவார்ட் கடைசிவரை சொல்லவில்லை. 2008 பிப்ரவரி 13 அன்று புதிய பிரதமர் கெவின் ரட் அதே மன்றத்தில் எழுந்து ‘வி சே சாரி’ என்றார். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த முதியவர்கள் அழுதார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நூறாவது ஆண்டு, 2019 ஏப்ரல். பிரிட்டனின் பிரதமர் தெரசா மே ‘டீப்லி ரிக்ரெட்’ என்றதோடு நிறுத்திக்கொண்டார். முழுமையான மன்னிப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின் அதே அவையில் எழுந்து கேட்டார். ரிக்ரெட்டும் அப்பாலஜியும் ஒன்றுதான் என்றால் அவர் ஏன் கேட்க வேண்டும்?

ஒரே ஆள் இரண்டு விதமாகவும் பேசியதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதி நிகராகுவா கிளர்ச்சிக்காரர்களுக்குப் போன விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் மாட்டிக்கொண்டிருந்த நேரம். 1987 ஜனவரி 27 உரையில் அவர் ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். பெரிய தவறுகள் நடந்துவிட்டனவாம். யார் செய்தது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் வந்து ‘ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி ஃபார் மை ஓன் ஆக்‌ஷன்ஸ்’ என்றார். ஐந்து வாரம் கழித்து வந்த இந்த வாக்கியத்தில் அந்த ‘ஐ’ வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் முதலாளியிடம் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துக் காட்டுங்கள்.

குன்னூரில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் நான் கடிதப் பிரிவில் இருந்தவள். உங்கள் தொழிலைச் சேர்ந்த சம்பவம் என்பதால் சொல்கிறேன். தேயிலைத் தொழிலில் ஒரே தொகுதியாகக் கட்டிய சரக்கை ‘இன்வாய்ஸ்’ என்பார்கள். ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளருக்குச் சாம்பிள் அனுப்பியது ஒரு இன்வாய்ஸ், மூட்டையில் போனது வேறு இன்வாய்ஸ். கிரேடு ஒன்றுதான். ஆனால் சாம்பிள் பனிக்காலக் கொழுந்து, போனதோ மழைக்காலக் கொழுந்து. இலையைப் பார்த்தால் தெரியாது. கோப்பையில் ஊற்றி வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். தை மாதத் தேயிலையின் அந்த வாசனைக்குத்தானே அவர்கள் கூடுதல் விலை கொடுப்பது! புகார்க் கடிதம் வந்தது. பதில் வரைவு வழக்கம்போல ‘எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்டு இஸ் ரிக்ரெட்டட்’ என்று ஆரம்பித்தது. எங்கள் தலைமைக் குமாஸ்தா, ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், அதன்மேல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘வி ஷிப்டு தி ராங் இன்வாய்ஸ். அவர் வேர்ஹவுஸ் டிட் நாட் செக் தி மார்க்ஸ் பிஃபோர் லோடிங். வி வில் ரீப்ளேஸ் தி டீ அட் அவர் காஸ்ட்.’ மூன்று வாக்கியம். மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார், இவ்வளவு வெளிப்படையாகவா என்றார். ‘அவங்க கோப்பையிலயே கண்டுபிடிச்சுட்டாங்க சார், நாம என்னத்த மறைக்கிறது’ என்றார் குமாஸ்தா. கடிதம் அப்படியே போனது. திரும்பி வந்த பதிலில் ஒரே கேள்விதான் இருந்தது: மாற்றுச் சரக்கு எந்தத் தேதியில் கப்பல் ஏறும்?

உங்கள் முதலாளிக்கு நான் சொல்வது இதுதான். மூட்டையின் மார்க், லாரி ஏறிய நாள், யார் சரிபார்க்கவில்லை, இப்போது என்ன செய்யப் போகிறோம். இவ்வளவையும் ‘வி’ என்று ஆரம்பித்து எழுதட்டும். ‘ரிக்ரெட்’ வேண்டுமானால் கடைசியில் வரட்டும், முதல் ஆளாக வர வேண்டாம்.

அலுவலக மின்னஞ்சலில் ஒரு மேலதிகாரி ‘மேயா குல்பா’ என்று எழுதியிருந்தார். நானும் எழுதலாமா?
— வாசகி, குன்னூர்

லத்தீன் மொழி. ‘என் குற்றத்தால்’ என்று பொருள். கத்தோலிக்கத் திருப்பலியில் நெஞ்சில் தட்டிக்கொண்டு ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று சொல்கிறார்களே, அந்த இடத்தில் லத்தீனில் வருவது இதுதான். அவ்வளவு கனமான இடத்திலிருந்து வந்த சொல்லை இன்று ஆங்கிலத்தில் விளையாட்டாகத்தான் பயன்படுத்துகிறார்கள். மின்னஞ்சலோடு ஃபைலை இணைக்க மறந்ததற்கு எழுதலாம். சம்பளக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு எழுதாதீர்கள். அங்கே ‘தி எரர் இஸ் மைன்’ என்று எழுதி, சரியான கணக்கைக் கீழேயே கொடுங்கள்.

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போகிறேன். ‘அங்கே போய் ஐ ஆம் சாரி என்று சொல்லிவிடாதே, கேஸ் போட்டுவிடுவார்கள், வேலை போய்விடும்’ என்று இங்கே எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்னால் தவறு நடந்தால் என்ன சொல்வது?
— வாசகி, கூடலூர்

உங்களைப் பயமுறுத்தியவர்களின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் போகும் நாட்டில் சட்டம் நேர் எதிராக இருக்கிறது.

இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் 2006-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று சொல்கிறது. அதற்கும் மேலே ஒன்று. ஸ்டாஃபோர்டு நகரத்து மருத்துவமனையில் நோயாளிகள் பட்ட பாட்டை விசாரித்த ராபர்ட் பிரான்சிஸ் குழு 2013-இல் அறிக்கை கொடுத்தது. அதைத் தொடர்ந்து 2014 நவம்பரிலிருந்து இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்புகளுக்கு ‘டியூட்டி ஆஃப் கேண்டர்’ என்ற கடமை சட்டமாகவே வந்துவிட்டது. சிகிச்சையில் தவறு நேர்ந்து நோயாளிக்குக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பாதிப்பு வந்தால், மருத்துவமனை அவரிடம் நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும், எழுத்திலும் கொடுக்க வேண்டும். நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவுசெய்யும் கவுன்சிலும் டாக்டர்களின் கவுன்சிலும் சேர்ந்து 2015-இல் இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் அதை வாங்கிப் படித்துவிடுங்கள். மறைத்தால்தான் அங்கே வேலைக்கு ஆபத்து.

என்ன சொல்வது? முதலில் வார்டு பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். நோயாளிக்கு உடனே பார்க்க வேண்டியதைப் பார்க்கட்டும். பிறகு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து: ‘யூ வேர் டு ஹேவ் திஸ் டேப்லெட் அட் எய்ட். ஐ கேவ் இட் அட் டென். ஐ ஆம் சாரி. தி டாக்டர் ஹேஸ் பீன் டோல்ட், அண்ட் வி வில் வாட்ச் யுவர் பிளட் பிரஷர் டுநைட்.’ தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஏன் நடந்தது என்று ஊகித்துச் சொல்லாதீர்கள், பக்கத்து ஷிப்டுக்காரியின் தலையிலும் போடாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், அங்கே போனதும் குழப்பும். பேருந்தில் அவர்கள் காலை நீங்கள் மிதித்தால்கூட ‘சாரி’ என்று அவர்கள் சொல்வார்கள். துக்க வீட்டில் ‘ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்’ என்பார்கள். அதெல்லாம் மரியாதை, இரக்கம். தவறை ஒப்புக்கொள்ளும் சாரிக்குப் பக்கத்தில் செய்த காரியம் நிற்கும். ‘ஐ ஆம் சாரி ஐ கேவ் இட் லேட்’ என்பது போல. அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ரெஸ்பான்சிபிலிட்டி, அக்கவுண்டபிலிட்டி, லயபிலிட்டி மூன்றையும் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது? அகராதி மூன்றுக்கும் ‘பொறுப்பு’ என்றே போடுகிறது.
— ஆசிரியை, கொடைக்கானல்

டீச்சர், சொற்பொருள் எழுதிப் போடாமல் அரியலூரைச் சொல்லிக் கொடுங்கள்.

1956 நவம்பர் 23. விடாத மழை. அரியலூர் பக்கத்தில் மருதையாற்றில் வெள்ளம் ஏறி, பாலம் பலவீனமாகிவிட்டது. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவருடைய அலுவலகம் டெல்லியில். பாலத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வேலை அங்கிருந்த ஊழியர்களுடையது. அதுதான் ரெஸ்பான்சிபிலிட்டி, கையில் கொடுக்கப்பட்ட வேலை. இறந்தவர் குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்க ரயில்வேயைச் சட்டம் கட்டுப்படுத்தினால் அது லயபிலிட்டி, சட்டமும் பணமும். சாஸ்திரி பதவியைவிட்டு விலகினாரே, அது அக்கவுண்டபிலிட்டி. என் துறையில் நடந்தது, நான் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுந்து நிற்பது. அதே வருடம் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் விலகக் கடிதம் கொடுத்தார், அப்போது ஏற்கப்படவில்லை. அரியலூருக்குப் பிறகு நேரு ஏற்றுக்கொண்டார், சாஸ்திரிமேல் குற்றம் இல்லை என்று சொல்லிக்கொண்டே.

வேலையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம், பதில் சொல்லும் இடத்தைக் கொடுக்க முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு, இது நம் தமிழ்நாட்டு மண்ணிலேயே நடந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகள் என்றால் அமெரிக்க அதிபர் ட்ரூமன் தன் மேசைமேல் வைத்திருந்த ‘தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ பலகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘பாஸிங் தி பக்’ என்றால் பொறுப்பை அடுத்தவர் தலையில் தள்ளுவது. சீட்டாட்டத்தில் அடுத்து யார் சீட்டுப் போடுவது என்பதற்குக் கைமாற்றும் அடையாளப் பொருளிலிருந்து வந்த பேச்சு அது. தள்ளித் தள்ளி வந்தது இந்த மேசையோடு முடிந்தது என்பது பலகையின் பொருள்.

இலக்கணம் கேட்பார்கள்: ரெஸ்பான்சிபிள் ‘ஃபார்’ ஒரு வேலை, அக்கவுண்டபிள் ‘டு’ ஒரு ஆள், லயபிள் ‘ஃபார்’ ஒரு நஷ்டம்.

‘ஐ ஸ்டாண்ட் கரெக்டட்’ எப்போது சொல்வது?
— வாசகர், குன்னூர்

நீங்கள் சொன்ன ஒரு தகவலை இன்னொருவர் திருத்தும்போது. தொட்டபெட்டாவின் உயரத்தைத் தப்பாகச் சொல்லி, ‘2,637 மீட்டர்’ என்று ஒருவர் திருத்தினால் ‘ஐ ஸ்டாண்ட் கரெக்டட், தேங்க் யூ’ என்று சொல்லுங்கள். செய்த காரியத்துக்குச் சொல்லக் கூடாது.

எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மூத்த உறுப்பினரை நம்பத் தகாதவர் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் சொன்னதால் ‘ஐ ஆம் சாரி இஃப் எனிஒன் வாஸ் ஹர்ட்’ என்று போட்டேன். அவர் குழுவைவிட்டே போய்விட்டார். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், கொடைக்கானல்

அந்த வாக்கியத்தில் இருக்கும் ‘இஃப்’ என்ன சொல்கிறது? அவர் மனம் புண்பட்டதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் என்கிறது. ‘எனிஒன்’? அவர் பெயரைச் சொல்லக்கூட நான் தயாராக இல்லை என்கிறது. அவமானம் பெயரோடு வந்தது, மன்னிப்பு மட்டும் மொட்டையாக வந்தது. அவர் போனதில் எனக்கு வியப்பே இல்லை. ‘சாரி, பட்’ என்று ஆரம்பிப்பதும் இந்த வகைதான். ‘பட்’டுக்குப் பின்னால் வருவது எல்லாம் நம் கட்சி வாதம்.

எங்கே எழுதினீர்களோ அங்கேயே எழுதுங்கள். அதே குழு, அதே ஆட்கள். அவர் பெயரைப் போட்டு: ‘ஐ ரோட் தட் ஹி குட் நாட் பி ட்ரஸ்டட். தட் வாஸ் ராங், அண்ட் ஐ டேக் இட் பேக். ஐ அப்பாலஜைஸ் டு ஹிம்.’ ஏன் கோபம் வந்தது என்ற விளக்கத்தை அதில் சேர்க்காதீர்கள். பிறகு வீட்டுக்குப் போய் நேரில் பாருங்கள். அங்கே இங்கிலீஷ் எதற்கு? ‘அண்ணா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது’ என்று சொல்லுங்கள். அவர் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். அது அவர் உரிமை. குழுவில் திரும்பச் சேருங்கள் என்று அப்போதே வற்புறுத்த வேண்டாம்.

மசினகுடியில் ஜீப் ஓட்டுகிறேன். எட்டாவதுவரைதான் படிப்பு. வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போக லேட்டானால் என்ன சொல்வது என்றே தெரியாமல் சிரித்துவிடுகிறேன். சிரித்தால் அவர்களுக்குக் கோபம் வருகிறது. சின்னதாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் அம்மா.
— வாசகர், மசினகுடி

சங்கடத்தில் சிரிப்பது நம் ஊரில் சகஜம். அவர்களுக்கு அது கேலியாகப் படுகிறது, அவ்வளவுதான். வண்டியைவிட்டு இறங்கி, நேராக நின்று, சிரிக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் தூங்கிவிட்டீர்கள், அல்லது முந்தைய சவாரியை இழுத்துவிட்டீர்கள் என்றால்: ‘ஐ ஆம் லேட். மை மிஸ்டேக். சாரி, சார்.’ அப்புறம் போன நேரத்தை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று சொல்லுங்கள்: ‘வி வில் ஸ்டே ஒன் அவர் எக்ஸ்ட்ரா. நோ எக்ஸ்ட்ரா மணி.’ எட்டாவது படிப்புக்கு இது தாராளம். பட்டம் படித்தவர்கள் எழுதும் பல கடிதங்களைவிட இது நேர்மையான ஆங்கிலம்.

கல்லட்டி ரோட்டில் முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஏதோ ஒரு வளைவில் யானை நின்றுவிட்டால் அது உங்கள் தப்பு இல்லை. அப்போது ‘மை மிஸ்டேக்’ சொல்லாதீர்கள். ‘எலிஃபன்ட் ஆன் தி ரோடு, சார். ஐ வெயிட்டட்.’ அது போதும். ஆனால் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நிறுத்தி, ‘ஐ வில் பி லேட், ஹாஃப் அன் அவர்’ என்று முன்னாலேயே ஒரு போன் போட்டுவிடுங்கள். யானை நின்றது உங்கள் கையில் இல்லை, போன் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இதை ஒரு அட்டையில் தமிழில் எழுதி வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் மடிப்பில் செருகி வைத்துக்கொள்ளுங்கள். சவாரி இல்லாத மத்தியானத்தில் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களோடு சேர்ந்து சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். எந்தச் சொல்லாவது நாக்கில் வரவில்லை என்றால் எழுதுங்கள், சுருக்கித் தருகிறேன்.